பாதி உப்பு

எங்கள் வீட்டில் குழம்புக்கு உப்புப் போடுகிறவர்கள் வாசல் வரைக்கும் கேட்கும்படி ஒரு சத்தம் கொடுக்க வேண்டும். "உப்பு போட்டாச்சு!" அவ்வளவுதான். புதிதாக வருகிற விருந்தாளிகள் இதைக் கேட்டுத் திடுக்கிட்டுப் போவார்கள். போனவாரம் வந்த கிராம சேவகர் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையையே சாய்த்துவிட்டார். அடுப்பு மேடையில் வரிசையாக பிளாஸ்டிக் டப்பாக்கள் இருக்கின்றன, ஆனால் உப்பு மட்டும் இன்றைக்கும் ஒரு பழைய தேங்காய்ச் சிரட்டையில்தான் இருக்கிறது. புகையும் கைபட்ட எண்ணெயும் ஏறிக் கருத்துப்போன சிரட்டை அது. பேரப்பிள்ளைகள் இரண்டு தடவை குப்பையில் போட்டார்கள், இரண்டு தடவையும் நான் கத்திய கத்தலில் அவர்களே போய் எடுத்து வந்தார்கள். அந்தச் சிரட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மதினியின் ஞாபகம் வரும். மதினி என்றால் என் அண்ணன் பெண்டாட்டி. அவளைப் போல ஒரு தைரியசாலியை நான் பார்த்ததில்லை. அவளைப் போல ஒரு கள்ளியையும் பார்த்ததில்லை.

அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். மேட்டில் இருந்த லயத்து வீட்டு வரிசைகளை மேல்கணக்கு என்றும், ஆற்றை ஒட்டிப் பள்ளத்தில் இருந்தவற்றைக் கீழ்கணக்கு என்றும் சொல்வோம். நாங்கள் கீழ்கணக்கு. ஆற்றின் அந்தக் கரையில் பாலத்தைத் தாண்டினால் சின்னக் கடைத்தெரு. நாலைந்து பலசரக்குக் கடைகள், ஒரு துணிக்கடை, ஒரு சிங்களவருடைய பேக்கரி, தலவாக்கலை பஸ் நிற்கிற இடம். அதை டவுன் என்றுதான் சொல்வோம். சொல்லும்போது எங்களுக்குச் சிரிப்பு வராது. பாலத்துக்குப் பக்கத்தில் மாரியம்மன் கோவில். வருஷத் திருவிழாவின் கடைசி நாள் கரகத்தை ஆற்றில் விட்ட பிறகு, தோட்டத்துச் சனமும் கடைத்தெருச் சனமும் கரையிலேயே வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும். அதற்கு ஆற்றுச்சோறு என்று பெயர். வீட்டுக்கு வீடு அளந்து கொடுத்த அரிசி, பருப்பு, அவரவர் தோட்டத்துண்டில் விளைந்த கோவா, போஞ்சி, பூசணி, உருளைக்கிழங்கு எல்லாம் ஒரே அண்டாவில் விழும். எங்கள் குளிரில் வாழை சரியாக வராது என்பதால் இலை மட்டும் கீழ்நாட்டிலிருந்து ரயிலில் தலவாக்கலைக்கு வந்து, அங்கிருந்து கடைக்காரர் ஒருவரின் உபயத்தில் பஸ் கூரையில் ஏறி வரும்.

அந்தச் சோற்றைச் சமைப்பதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அம்மனுக்குப் படைக்கிற சோறு என்பதால் யாரும் ருசி பார்க்கக் கூடாது. சமைக்கிறவர்களின் எச்சிலும் மூச்சும் படக்கூடாது என்று மஞ்சள் துணியால் வாயைக் கட்டிவிடுவார்கள். படையல் முடிகிற வரைக்கும் பேச முடியாது. வாய் கட்டினவர்கள் கடைசிப் பந்தி எழுந்த பிறகுதான் ஒரு பருக்கையை நாக்கில் வைக்கலாம். ருசி பார்க்காமல் உப்புப் போடுவது விளையாட்டா? அதற்குத்தான் இரண்டு ஆள். அரிசி கொதித்து வரும்போது ஒருவர் பாதி உப்புப் போடுவார். பருப்பும் மரக்கறியும் சேர்ந்த பிறகு மற்றவர் மீதிப் பாதியைப் போடுவார். எனக்குத் தெரிந்த காலத்திலிருந்து முதல் பாதி என் அப்பாவுடையது, இரண்டாவது பாதி அப்பாவின் கூட்டாளியுடையது. அவர் மேல்கணக்குக்காரர். இரண்டு பேரும் அண்டாவடியில் பழகிப் பழகியே சம்பந்தி ஆனவர்கள். அவருடைய இளைய மகள்தான் என் மதினி. அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன்.

மதினி எங்கள் வீட்டுக்கு வந்த சில மாதங்களில் தோட்டத் தொழிலாளர் சங்கம் இரண்டாக உடைந்தது. நாட்டுத் தேர்தலில் எங்கள் சனத்துக்கு ஓட்டு இல்லாமல் செய்துவிட்டார்கள் அல்லவா, ஆகவே சங்கத் தேர்தல்தான் எங்களுக்குத் தேர்தல், சங்கத் தலைவர்தான் எங்களுக்கு மந்திரி. அது உடைந்ததும் தோட்டமே உடைந்தது. மேல்கணக்கு ஒரு சங்கம், கீழ்கணக்கு ஒரு சங்கம். ஒரு பீலியில் தண்ணீர் பிடித்தவர்கள் ஆளுக்கொரு பீலி தேடினார்கள். கல்யாணத்துக்குப் போகவில்லை, சாவுக்குக் கூடப் போகாமல் இருந்தார்கள், வெட்கங்கெட்ட சனம். அப்பாவும் மாமாவும் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் எதிரெதிரே நின்றுகொண்டு ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்க்காமல் வேலைக்குப் போனார்கள். திருவிழாவை யார் முன்னின்று நடத்துவது என்ற தகராற்றில் திருவிழாவும் நின்றது. மூன்று வருஷம் ஆற்றுச்சோறு இல்லை.

மதினி முழுகாமல் இருந்தது மூன்றாவது வருஷத்தின் கடைசியில். ஊரெல்லாம் சந்தோஷப்பட்டது, அவள் மட்டும் பயந்தாள். அவளுக்கு ஒரு அக்கா இருந்தாள். வேறு தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போய், அங்கே தலைப்பிரசவத்தில், பெற்ற தாய் மலை ஏறி வந்து சேர்வதற்கு முன்னாலேயே செத்துப்போனாள். "கடைசி வரைக்கும் அம்மா அம்மான்னுதான் சொல்லிச்சாம்" என்று மதினி என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறாள். வேறொன்றும் சொல்ல மாட்டாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது எங்களில் வழக்கம்தான். தாய்வீடும் தூரமில்லை, எங்கள் வாசல் இஸ்தோப்பில் நின்றால் அவர்கள் வீட்டுப் புகைக்கூண்டு தெரியும். ஆனால் ஏழாம் மாதம் வந்தது, போனது. "அவங்க வந்து முறையாக் கூப்பிடட்டும்" என்றார் அப்பா. "அவங்க அனுப்புறோம்னு ஒரு வார்த்தை சொல்லி விடட்டும்" என்றாராம் மாமா. என் அண்ணன் இருந்தானே, அவனைக் கேட்டால் "அப்பாகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்பான். கேட்கவும் மாட்டான், சொல்லவும் மாட்டான். மதினியின் அம்மா மேல்கணக்கு மலையில் கொழுந்து பறிக்கும்போது எல்லையில் ஓடுகிற கான் வாய்க்கால் வரைக்கும் நிரை பிடித்து வந்து நிற்பார். இந்தப் பக்கம் மதினி நிற்பாள். நடுவில் ஒரு தாண்டு தாண்டினால் போதும், ஆனால் இருவரும் தாண்டவில்லை. தாண்டினால் அதோடு போக வேண்டியதுதான் என்று இரண்டு வீட்டு ஆம்பளைகளும் சொல்லி வைத்திருந்தார்கள்.

அந்தச் சமயத்தில் லயங்களில் பிள்ளைகளுக்கு அம்மை போட்டது. துணி துவைக்க ஆற்றுக்கு வந்த இரண்டு கணக்குப் பெண்களும் ஒன்றாகச் சேர்ந்து, திருவிழா நடந்தே ஆகவேண்டும், இல்லையென்றால் தாங்களே கரகம் எடுப்போம் என்று கிளம்பிவிட்டார்கள். இரண்டு சங்கத் தலைவர்களும் வேறு வழியில்லாமல் தலையாட்டினார்கள். சமையலுக்கு யார் என்ற பேச்சு வந்தபோது பூசாரி, "கணக்குக்கு ஒரு ஆளுன்னா பழைய ஆளுங்களே நிக்கட்டும், எனக்குப் புதுத் தலைவலி வேணாம்" என்று முடித்துவிட்டார். அன்று முழுக்க எங்கள் அம்மா புலம்பிக்கொண்டே இருந்தார். "இந்த ரெண்டு மனுசங்களும் சேர்ந்து ஆக்குன சோறு யாரு தொண்டையில எறங்கும்? இவரு போடுற உப்பை அவரு நம்பணும், அவரு போடுறதை இவரு நம்பணும். வீம்புக்கு ரெண்டு பேரும் முழுசாக் கொட்டிட்டா?" அம்மா மட்டுமல்ல, தோட்டமே அதைத்தான் பேசியது. சோறு கெட்டால் அந்தக் கணக்கு செய்த சதி என்று இந்தக் கணக்கு சொல்லும், இந்தக் கணக்கு செய்த சதி என்று அந்தக் கணக்கு சொல்லும். கவ்வாத்துக் கத்தி இல்லாத வீடு தோட்டத்தில் கிடையாது.

அன்றைக்கு நாங்கள் பெண்கள் கொஞ்சம் தள்ளி மரக்கறி நறுக்கிக்கொண்டிருந்தோம். தேயிலை மிலாறுக் குச்சி எரிந்து கண்ணைக் கரிக்கிற புகை. மஞ்சள் துணி கட்டிய இரண்டு ஆம்பளைகள் ஒரே அண்டாவுக்கு ஆளுக்கொரு பக்கம் நின்று துடுப்புப் போட்டார்கள். முன்பெல்லாம் வாய் கட்டியிருந்தாலும் கண்ணாலேயே அவ்வளவு கேலி பேசுவார்கள். "விறகை இழு, பூசணி பெருசு, உன் சம்சாரம் பாக்குறா" என்று எல்லாவற்றுக்கும் ஒரு சைகை இருந்தது. இப்போது ஒருவர் ஆற்றைப் பார்த்தார், ஒருவர் பாலத்தைப் பார்த்தார். சோறு கொதித்தபோது அப்பா தன் உப்புச் சிரட்டையை எடுத்தது தெரிந்தது. அப்பாவின் முதுகு மறைத்தது, எவ்வளவு போட்டார் என்று தெரியவில்லை. பிறகு மாமா தன் சிரட்டையை எடுத்தார். புகை மறைத்தது.

படையல் முடிந்தது. முதல் இலை வயிற்றுப் பிள்ளைக்காரிக்குப் போடுவது வழக்கம். அவள் முதல் வாய் சாப்பிட்டு "எல்லாரும் சாப்பிடுங்க" என்று சொன்ன பிறகுதான் மற்றவர்கள் சோற்றில் கை வைக்க வேண்டும். அந்த வருஷம் நாலைந்து பேர் அப்படி இருந்தார்கள், ஆனால் இரண்டு கணக்குக்கும் பொது என்று மதினியை உட்கார வைத்தார்கள். பக்கத்தில் தண்ணீர்ச் செம்போடு நான். கரை நீளத்துக்கு இலைகள், அதற்கு முன்னால் அத்தனை சனம், இரண்டு சங்கத் தலைவர்கள், கடைக்காரர்கள், பேக்கரிக்காரர். காக்கா சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. மதினி ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தாள். மென்றாள். கண்ணை மூடினாள். மெதுவாக விழுங்கினாள். பிறகு இலையின் மேல் இடது கையை விரித்து வைத்துக்கொண்டு, "அப்பா, மாமா, ரெண்டு பேரும் இங்க கொஞ்சம் வாங்க" என்றாள்.

மஞ்சள் துணி கழுத்தில் தொங்க இரண்டு பேரும் வந்து குனிந்தார்கள். மதினி தன் அப்பாவையும் பார்த்தாள், என் அப்பாவையும் பார்த்தாள். சனத்துக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"உப்பு கரிக்குது. வாயில வைக்க முடியல. ரெண்டு பேருமே முழுசாக் கொட்டிட்டீங்க."

"நான் பாதிதான் போட்டேன்" என்றார் அப்பா, என்னைப் பார்த்து.

"நானும் பாதிதான் போட்டேன்" என்றார் மாமா, தண்ணீர்ச் செம்பைப் பார்த்து.

"இப்ப நான் உப்புன்னு வாயத் தொறந்தா என்ன ஆகும்னு ரெண்டு பேருக்கும் தெரியும். சாயங்காலத்துக்குள்ள எத்தனை மண்டை ஒடையுமோ. சொல்லாம இருக்கணும்னா எனக்கு ஒண்ணு வேணும். அந்தா எங்கம்மா நிக்குது. இன்னைக்குப் பொழுது சாய நான் அதுகூடப் போகணும்."

எங்கள் அப்பாவிடம் அப்படிப் பேச அண்ணனுக்கே தைரியம் கிடையாது. அப்பாவின் முகம் சிவந்தது. "அவங்க இன்னும் வந்து கூப்பிடலையே" என்றார். "இப்பக் கூப்பிடுங்கப்பா" என்றாள் மதினி, தன் அப்பாவிடம். மாமா தொண்டையைச் செருமினார். "அவரு அனுப்புறேன்னு சொல்லட்டும்." "சொல்லுங்க மாமா" என்று மதினி என் அப்பா பக்கம் திரும்பினாள். அப்பா என்னிடம் திரும்பி, "கூட்டிட்டுப் போகச் சொல்லு" என்றார். மாமாவும் என்னிடம்தான் சொன்னார், "அனுப்பச் சொல்லு." நான் என்ன தந்திக் கம்பமா? மதினி விடவில்லை. "இவகிட்ட எதுக்குச் சொல்றீங்க? ஒருத்தருக்கொருத்தர் சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. இந்த எலைய விட்டு நான் எந்திரிக்கப் போறதில்ல. சனந்தான் பசியோட நிக்குது."

பின்னால் யாரோ "என்னாச்சு, என்னாச்சு?" என்று கேட்கத் தொடங்கினார்கள். கூட்டம் ஒரு அடி முன்னால் வந்தது. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு, மூன்று வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக அந்த மனிதரைப் பார்த்தார்.

"யோவ் மச்சான், கூட்டிட்டுப் போய்யா."

"சரி மச்சான்" என்றார் மாமா.

மதினி தலையை நிமிர்த்தி ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். "சோறு நல்லா இருக்கு. ஆனா கூட்டத்துக்குப் பத்தாது. இன்னொரு ஒலை வச்சு இதோட கலந்துட்டு எல்லாரும் ஒண்ணா உக்காருவோம். அதுவரைக்கும் யாரும் கை வைக்க வேணாம்." வயிற்றுப் பிள்ளைக்காரி வாக்கு. யார் மறுத்துப் பேசுவார்கள்? வீடுகளுக்கு ஓடினார்கள், இருந்த அரிசியைச் சுளகோடு கொண்டுவந்தார்கள். எந்த அரிசி எந்தக் கணக்கு என்று யாரும் பார்க்கவில்லை. படையல் முடிந்துவிட்டதால் இரண்டாவது அண்டாவுக்கு வாய் கட்ட வேண்டியதில்லை. கட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பாதிதான் போட்டேன்யா, ஆத்தா மேல சத்தியம்!" "அப்ப மீதிய உங்கப்பனா போட்டான்? நான் பாதிதான்யா போட்டேன்!" என்று அந்தச் சோறு வெந்து முடிகிற வரைக்கும் இரண்டு பேரும் சன்னக் குரலில் கடித்துக் குதறிக்கொண்டார்கள். தூரத்திலிருந்து பார்த்த சனத்துக்கு அவர்கள் பழையபடி பேசிக்கொள்வதாகத்தான் தெரிந்தது. எங்கள் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உப்புப் போடாமல் வடித்த அந்தச் சோற்றை முதல் அண்டாவோடு கலந்துதான் எல்லாருக்கும் பரிமாறினார்கள். நானும் சாப்பிட்டேன். எனக்கு என்னவோ சப்பென்று இருந்தது. பேக்கரிக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு, "லுணு மதி நே" என்றார், உப்புக் காணாது என்று. எல்லாரும் சிரித்தார்கள். கடைக்காரர் ஒருவர் ஊறுகாய்ச் சாடியை அப்படியே அனுப்பி வைத்தார். இரண்டாவது உலை கொஞ்சம் பெரிதாகிவிட்டது போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். நினைப்பு அதற்கு மேல் ஓடவில்லை.

அன்று சாயங்காலம் மதினி உடுத்திய சேலையோடு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறிப் போனாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுடைய துணிமூட்டையை மறுநாள் நான்தான் கொண்டுபோனேன், நானும் மேல்கணக்கு லயத்துக்குள் மூன்று வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் போனேன். பிரசவம் லேசாக இல்லை. பிள்ளை கால் காட்டிக்கொண்டு வந்தது. தோட்டத்து மருத்துவச்சியே கையைப் பிசைந்த நேரத்தில், மதினியின் அம்மா இரவும் பகலும் அவளை மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, "அம்மா இங்கதான் இருக்கேன், இங்கதான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அது என் காதில் இப்போதும் கேட்கிறது. பெண் குழந்தை. இரண்டு உயிரும் பிழைத்தன. எங்கள் வீட்டில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நான் அதை நினைத்துப் பார்க்க விரும்புவதுமில்லை.

சங்கங்கள் ஒன்று சேரவில்லை. அப்பாவும் மாமாவும் சேர்ந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமையானால் பேத்தியைப் பார்க்கிற சாக்கில் மாமா வந்துவிடுவார். தேத்தண்ணி உள்ளே போனதும் தொடங்கிவிடும். "பாதிதான் போட்டேன்." "கண்ணால கண்டேன்யா, நீ கவுத்த கவுப்பை." "நீ பாலத்தையில்ல பாத்துக்கிட்டு இருந்த!" அடுத்த வருஷத்திலிருந்து ஆற்றுச்சோற்றுக்கு உப்புப் போடுமுன் ஒவ்வொருவரும் சிரட்டையைத் தலைக்கு மேல் தூக்கி மற்றவருக்குக் காட்டிவிட்டுத்தான் போடுவார்கள். கூட்டம் கை தட்டும். வீட்டில் "உப்பு போட்டாச்சு" என்று கத்துகிற பழக்கமும் அப்போது வந்ததுதான். அப்பாதான் ஆரம்பித்து வைத்தார், மாமாவைக் குத்திக் காட்டுவதற்காக. இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று நாங்கள் எல்லாரும் நம்பினோம். இரண்டு பேருமே சொல்கிறார்கள் என்பது என் எண்ணம்.

மாமா முதலில் போனார். அடுத்த வருஷம் அப்பா. அப்பாவின் கருமாதிக்கு நானும் மதினியும் சமைத்துக்கொண்டிருந்தோம். அழுது அழுது ஓய்ந்துபோயிருந்த நேரம். குழம்பு கொதித்தது. நான் அப்பாவின் சிரட்டையை எடுத்து, "பாதிதான் போடுறேன் மதினி" என்றேன், சும்மா, அவரை நினைத்து. மதினி என்னையே பார்த்தாள். திடீரென்று சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு உப்பு சரியாத்தான் இருந்துச்சு புள்ள."

"என்னைக்கு?"

"ஆத்துச்சோறு அன்னைக்கு. கணக்கா இருந்துச்சு. ஒரு கல்லு கூடல, ஒரு கல்லு கொறையல."

எனக்கு விளங்கவே சற்று நேரம் ஆயிற்று. மூன்று வருஷம் மூஞ்சியைப் பார்க்காத இரண்டு மனிதர்கள், அந்த அண்டாவுக்கு முன்னால் மட்டும், மற்றவன் தன் பங்கைப் போடுவான் என்று நம்பி ஆளுக்குப் பாதிதான் போட்டிருக்கிறார்கள். சத்தியம் செய்ததும் உண்மை, சாகிற வரைக்கும் சொன்னதும் உண்மை. பொய் சொன்னது ஒருத்திதான். பேக்கரிக்காரரின் நாக்குக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது. "அடிப் பாவி!" என்று கத்திவிட்டேன். கூடத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அப்பா எத்தனை ஞாயிற்றுக்கிழமை வயிறெரிந்து பேசினார்! மாமா சாகக் கிடக்கும்போதுகூட அதைச் சொல்லி மன்றாடினாரே!

"பிள்ளை பெத்து வந்த பொறகாவது சொல்லியிருக்கலாம்ல மதினி? ரெண்டு பேரும் எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பாங்க?"

மதினி கரண்டியை எடுத்துக் குழம்பைக் கிண்டினாள். "சொல்லணும்னுதான் எங்கப்பா மொத ஞாயித்துக்கெழமை வந்தப்ப வாயத் தொறந்தேன். ரெண்டும் உப்பு உப்புன்னு கத்திக்கிட்டு கெடந்துச்சுங்க. நான் சொல்லியிருந்தா அன்னைக்கே சண்டை முடிஞ்சிருக்கும். அப்புறம் என்னத்தச் சொல்லிக்கிட்டு எங்கப்பா வாரா வாரம் இந்த வீட்டு வாசப்படி ஏறும்?" கரண்டியை வைத்துவிட்டு, "நான் அதைப் பாக்கணும்ல" என்றாள். நான் சிரட்டையை அவள் பக்கம் நகர்த்தினேன். மீதி உப்பை அவள் போட்டாள்.

இப்போது மதினியும் இல்லை, அண்ணனும் இல்லை. கால் காட்டிக்கொண்டு பிறந்த அந்தப் பெண்ணோடுதான் நான் இருக்கிறேன். அவளுக்கே பேரன் பேத்திகள் வந்துவிட்டார்கள். எனக்குக் கண் மங்கிவிட்டதால் அடுப்படிக்குப் போகவேண்டாம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அவள் மட்டும் சொல்லமாட்டாள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுகூட உள்ளேயிருந்து அவளுடைய சத்தம் வாசல் வரைக்கும் வந்தது.

"உப்பு போட்டாச்சு அத்தை! பாதிதான் போட்டிருக்கேன், வாங்க!"

சிரட்டை இருக்கும் இடம் கைக்குத் தெரியும். எழுந்து போகிறேன்.